பழைய ரிவால்வருக்கு எவ்வளவு குடுக்கலாம்? அமெரிக்காவுல புதுசா கலெக்ட் பண்ண வர்றவங்களுக்கு

அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப வீக்எண்ட் ஆனா துப்பாக்கி சுடற ரேஞ்சுக்குப் போறாங்க. அப்புறம் ஒரு நாள் ஏதாவது கன் ஷோவுல, அதாவது துப்பாக்கி வாங்கி விக்கற சந்தையில, ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியோட பழைய ரிவால்வர் ஒண்ணு கண்ணுல படும், அங்கேர்ந்து பைத்தியம் பிடிச்சிடும். எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "1,100 டாலர் சொல்றான், குடுக்கலாமா?" இதுக்கு ஆமான்னோ வேண்டாம்னோ யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா எந்த மாடல், எந்தக் காலத்துது, ஃபினிஷ் (மேல்பூச்சு) ஒரிஜினலா, கிரிப் (கைப்பிடி) அதோடயே வந்ததான்னு எதுவுமே அந்தக் கேள்வியில இல்ல. இதையெல்லாம் எந்த வரிசையில பாக்கணும்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 19-ஐ வெச்சே சொல்றேன், நிறைய கிடைக்குது, புதுசா வர்றவங்களுக்குக் கைக்கு எட்டற விலையிலயும் இருக்கு. கோல்ட் கம்பெனியோட பைத்தான் ரிவால்வரை இடையில தொட்டுக்கறேன்.

விலை பேசறதுக்கு முன்னாடி, நீங்க வாங்கலாமா?

எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசாவுல வந்திருந்தா ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வாங்கவும் கூடாது, வெச்சிருக்கவும் கூடாது. செல்லுபடியாகற ஹன்டிங் லைசன்ஸ் இருந்தாங்கற மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அதை நம்பி இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைக் கேளுங்க, ஆபீஸ் நண்பரைக் கேக்காதீங்க. விசா போயிடும், வெளையாட்டு இல்ல. கிரீன் கார்டு, சிட்டிசன்னா ஃபெடரல்ல இந்தத் தடை இல்ல, ஆனா ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ரூல் மாறும். வேற ஸ்டேட்ல இருக்கறவர்கிட்ட வாங்கினா துப்பாக்கி உங்க ஸ்டேட்ல இருக்கற லைசன்ஸ் பெற்ற டீலர், அதாவது எஃப்எஃப்எல், கடைக்குத்தான் வரணும், அங்க 4473 ஃபாரம் நிரப்பி பேக்கிரவுண்ட் செக் முடிஞ்சாத்தான் கையில குடுப்பாங்க. 50 வருஷம் தாண்டி, மூல நிலையிலயே இருக்கற துப்பாக்கின்னா கியூரியோ அண்ட் ரெலிக் கணக்குல வரும், அதுக்குன்னு கலெக்டர் லைசன்ஸ் ஒண்ணு இருக்கு, மூணு வருஷத்துக்கு 30 டாலர்தான். ரெண்டு மூணு வாங்கப் போறீங்கன்னா அது எடுத்து வெச்சுக்கறது நல்லது.

சீரியல் நம்பர் சுரண்டியிருந்தா அதுக்கு விலையே கிடையாது, தொடாம நகர்ந்துடுங்க. அதைக் கையில வெச்சிருந்தாலே குத்தம்.

முதல் வேலை: அது என்னன்னு கண்டுபிடிக்கறது

விக்கறவர் "பழைய .357, சூப்பர் கண்டிஷன்"னு சொல்வார். .357ங்கறது தோட்டாவோட அளவு மட்டும்தான், அது போதாது. அவர்கிட்ட கேட்டுட்டு சிலிண்டரை, அதாவது தோட்டா போடற உருளையை, திறங்க, ஆறு அறையும் காலியான்னு பாருங்க (அவர் காலின்னு சொல்லியிருந்தாலும் பாருங்க, இது மரியாதைக் குறைச்சல் இல்ல, பாக்காம இருந்தாத்தான் உங்களை ஒரு மாதிரி பாப்பாங்க). சிலிண்டரைத் தாங்கற கை மாதிரி ஒரு பாகம் ஃப்ரேம்லேர்ந்து வெளிய வரும், அதுக்குப் பேர் யோக். அது உக்கார்ற எடத்துல, ஃப்ரேம் பக்கமா, மாடல் நம்பர் அடிச்சிருக்கும்: 19-2, 19-3, 19-4 இப்படி. அதே எடத்துல வேற சில நம்பரும் இருக்கும், அது ஃபேக்டரியில பாகங்களை ஜோடி சேக்கறதுக்காகப் போட்டது, சீரியல் நம்பர் இல்ல. இதைத்தான் புதுசா வர்றவங்க சீரியல்னு எழுதிட்டுப் போய் வருஷம் தேடிக் குழம்பறாங்க. நிஜமான சீரியல் நம்பர் கைப்பிடிக்கு அடியில இருக்கும், இந்த ரகத்துல பல வருஷத்துக்கு அந்த நம்பருக்கு முன்னாடி கே எழுத்து இருந்தது.

மாடல் நம்பரே இல்லையா? ஏமாத்து வேலைன்னு பயப்படாதீங்க. ஸ்மித் அண்ட் வெசன் 1957லதான் நம்பர் போட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி பேர்தான். மாடல் 19 ஆகப்போற துப்பாக்கி 1955ல காம்பாட் மேக்னம்ங்கற பேர்ல வந்தது, பார்டர் பேட்ரோல்ல, அதாவது அமெரிக்க எல்லைக் காவல்ல, இருந்த பில் ஜோர்டன்ங்கறவர் கேட்டதுலேர்ந்து பிறந்தது. நம்பர் இல்லாத காம்பாட் மேக்னம் கிடைச்சா நல்ல விஷயம், விலை கூடுதலாத்தான் இருக்கும்.

கோடு போட்டு வர்ற அந்தச் சின்ன எண் என்ன பெருசா மாத்திடப் போவுதுன்னு தோணும். மாத்தும். 19-3 1967லயும் 19-4 1977லயும் வந்தது. 1982ல 19-5 வந்தப்ப ரெண்டு விஷயத்தை நிறுத்திட்டாங்க: பேரலை (குழலை) ஃப்ரேமோட பூட்டற குறுக்கு பின், தோட்டாவோட விளிம்பு உள்ள அமுங்கி உக்கார்ற மாதிரி சிலிண்டர்ல போட்ட குழி. இந்த ரெண்டும் இருக்கறதைத்தான் சந்தையில "பின்டு அண்ட் ரீசெஸ்டு"ன்னு சொல்வாங்க. சுடறதுக்கு இதனால பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னு நெனைக்கறவன் நான், ஆனா கலெக்டர்ஸ் அதுக்குன்னு தனியா காசு குடுக்கறாங்க, அப்ப விலையில அது இருக்கத்தான் செய்யும். பேரல் ஃப்ரேமுக்குள்ள நுழையற எடத்துல, மேல் பக்கமா, சின்ன புள்ளி மாதிரி பின்னோட தலை தெரியும், அதைப் பாத்துக்கோங்க. 2001க்கு அப்புறம் வந்த ஸ்மித்ல சிலிண்டரைத் திறக்கற லாட்சுக்கு மேல சாவி ஓட்டை ஒண்ணு வர ஆரம்பிச்சது, அதைப் பழைய ஆளுங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. 2018லேர்ந்து கிளாசிக்னு மறுபடி வர்ற மாடல் 19ஐப் பழசோட விலையில கலக்கக் கூடாது, அது வேற பொருள்.

பேரல் நீளமும் விலையை அசைக்கும். 4 இன்ச், 6 இன்ச் தாராளமா கிடைக்கும், 2.5 இன்ச் எப்பவும் கொஞ்சம் தூக்கலாத்தான் போகும். அதனாலயே நீளமான பேரலை வெட்டிச் சின்னதாக்கி விக்கறவங்களும் உண்டு. பேரல் பக்கத்துல இருக்கற எழுத்து ஒரு பக்கமா ஒதுங்கியிருந்தாலோ, முன்னாடி குறி பாக்கற சைட் ஒட்டவெச்ச மாதிரி இருந்தாலோ சந்தேகப்படுங்க.

பளபளப்பை நம்பாதீங்க

புதுசா வர்றவங்க அதிகமா காசு விடற எடம் இதுதான். 50 வருஷத்துத் துப்பாக்கி கண்ணாடி மாதிரி மின்னும், ஒரு கீறல் இருக்காது, பக்கத்து டேபிள்ல அதே மாடல் முனையில தேஞ்சு போய் இருக்கும். மின்னறதுக்கு 1,100, தேஞ்சதுக்கு 850. யாரா இருந்தாலும் கை முதல்ல மின்னறதுக்குத்தான் போகும். ஆனா மின்னறது மறுபடி பாலிஷ் போட்டு ப்ளூயிங் (இரும்புக்குக் கறுநீலமா ஏத்தற ஃபினிஷ்) பண்ணினதா இருந்தா, அதோட கலெக்டர் மதிப்பு ஒரிஜினல்ல ஏறக்குறைய பாதிதான். ஆக்சிடென்ட் ஆன காருக்கு ஃபுல் பெயின்ட் அடிச்சு நிறுத்தினா எப்படியோ அப்படித்தான் கலெக்டர் அதைப் பாப்பார்.

கண்டுபிடிக்கறது கஷ்டம் இல்ல, வெளிச்சம் வேணும், அவ்வளவுதான். போன் டார்ச்சைச் சாய்வா அடிச்சு ஸ்க்ரூ ஓட்டைகளைப் பாருங்க. ஃபேக்டரி வேலைன்னா ஓட்டையோட விளிம்பு கூர்மையா, தட்டையா இருக்கும். பாலிஷ் சக்கரம் பட்டிருந்தா ஓட்டையைச் சுத்தி லேசா பள்ளம் விழுந்து வெளிச்சம் அங்க வளைஞ்சு தெரியும். அடுத்தது எழுத்துங்க. ஃப்ரேம்ல ஸ்பிரிங்ஃபீல்ட், மாசசூசெட்ஸ்னு அடிச்சிருக்கற சின்ன எழுத்தும் பக்கத்துல இருக்கற ஸ்மித் லோகோவும் நகத்தால தடவினா பிசிறில்லாம இருக்கணும், ஒரு ஓரம் ஆழமா இன்னொரு ஓரம் கரைஞ்சு போன மாதிரி இருந்தா மேல சக்கரம் ஓடியிருக்கு. சைடு பிளேட்டுக்கும் (பக்கவாட்டு மூடி) ஃப்ரேமுக்கும் நடுவுல இருக்கற கோடு, ஒரிஜினல்ல தேடித்தான் கண்டுபிடிக்கணும், அவ்வளவு ஒட்டி இருக்கும். அது பளிச்சுன்னு தெரிஞ்சா யாரோ நெம்பித் திறந்திருக்காங்க, இல்ல பாலிஷ்ல ஓரம் மழுங்கியிருக்கு.

இதெல்லாத்தையும் விட சுலபமானது: ஹேமரையும் (பின்னாடி இருக்கற சுத்தி) ட்ரிக்கரையும் பாருங்க. ப்ளூ மாடல் 19ல ஃபேக்டரி அந்த ரெண்டையும் ப்ளூ பண்றதில்ல, சாம்பல் கலந்து திட்டுத் திட்டா நிறம் ஓடற கேஸ் ஹார்டனிங்தான், அதாவது இரும்போட மேல்தோலைக் கடினமாக்கற முறை. அதுவும் சேந்து கறுநீலமா இருந்தா மொத்தமா கழட்டித் தொட்டியில முக்கியெடுத்திருக்காங்கன்னு அர்த்தம். நிக்கல் ஃபினிஷ்லயும் அப்படித்தான், ஹேமர், ட்ரிக்கர் எல்லாம் சேந்து வெள்ளியா மின்னினா ஃபேக்டரி வேலையா இருக்கறது சந்தேகம்.

ஃபேக்டரியே திரும்ப ஃபினிஷ் பண்ணிக் குடுத்ததும் உண்டு. கிரிப்பைக் கழட்ட விட்டா, உள்ள இடது பக்கம் மாசமும் வருஷமும் சின்னதா அடிச்சிருக்கும், சீரியல் நம்பர் பக்கத்துல நட்சத்திரம் இருக்கலாம். வெளி ஆள் பண்ணினதை விட இதுக்கு மதிப்பு கூட, ஆனா தொடாததுக்கு ஈடாகாது.

அப்ப தேய்மானம்? சிலிண்டரைச் சுத்தி ஒரு வட்டக் கோடு இருக்கும், அது எல்லா ஸ்மித்லயும் வர்றது, அதுக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்டா சிரிப்பாங்க. ஹோல்ஸ்டர்ல (இடுப்பு உறையில) போட்டு எடுத்ததுல முனையிலயும் சிலிண்டர் ஓரத்துலயும் ப்ளூ போயிருந்தா நேர்மையான தேய்மானம்னு சொல்வாங்க, குறைச்சுக் கேக்கலாம், பயப்பட வேண்டாம். குழி குழியா துரு அரிச்சிருந்தா அது வேற கதை. மிச்சம் இருக்கற ஒரிஜினல் ஃபினிஷை 98, 95, 90 சதவீதம்னு சொல்றது வழக்கம். விக்கறவர் 98ம்பார், நீங்க 92ம்பீங்க, சாய்வா வெளிச்சம் அடிச்சுப் பாத்தா பெரும்பாலும் உங்க நம்பர் கிட்டதான் வரும்.

கிரிப்பை அலட்சியமா விட்டுடாதீங்க. 1968 வாக்குல வரைக்கும் வந்த செக்கர்டு, அதாவது கட்டம் கட்டமா கோடு வெட்டின, மரக் கிரிப்ல ஸ்க்ரூவைச் சுத்தி வைர வடிவம் இருக்கும். கோக் பாட்டில் மாதிரி நடுவுல பருத்த பழைய டார்கெட் கிரிப்புன்னா தனியாவே பல நூறு டாலருக்குப் போகும். ரப்பர் கிரிப் போட்டிருந்தா "ஒரிஜினல் மரம் எங்க?"ன்னு கேளுங்க. வீட்ல இருக்குன்னு சொன்னா எடுத்துட்டு வரச் சொல்லுங்க, இல்லன்னா அதோட விலையைக் கழிங்க. பெட்டி இருந்தா அதுல எழுதியிருக்கற சீரியல் துப்பாக்கியோட ஒத்துப்போவுதான்னு பாருங்க, சும்மா ஏதோ ஒரு பெட்டியைச் சேத்துத் தலையில கட்டறது ரொம்ப சகஜம்.

இயங்குதா?

இங்க ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேட்டுச் செய்யணும், கேக்காம ட்ரிக்கரை இழுக்கக் கூடாது. படத்துல வர்ற மாதிரி மணிக்கட்டை வெட்டி சிலிண்டரை மூடினீங்கன்னா யோக் வளையும், அதைப் பாத்ததுமே டேபிள்காரர் உங்க கையிலேர்ந்து வாங்கிடுவார்.

சிலிண்டர்மேல ஒரு விரலை லேசா வெச்சு இழுவை குடுத்துக்கிட்டே ஹேமரை மெதுவா பின்னாடி கொண்டுவாங்க. ஹேமர் முழுசா நிக்கறதுக்குள்ள சிலிண்டர் க்ளிக்னு பூட்டிக்கணும். ஆறு அறைக்கும் பண்ணிப் பாருங்க, ஒண்ணு ரெண்டுல மட்டும் பின்தங்கற துப்பாக்கி நிறைய இருக்கு. அப்புறம் ஹேமரைப் பின்னாடி நிறுத்தி வெச்சு கட்டைவிரலால முன்னாடி தள்ளுங்க, விழக் கூடாது, விழுந்தா யாரோ உள்ள அரத்தால ராவி ட்ரிக்கரை லேசாக்கியிருக்காங்க. அது ஆபத்து.

சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிசு தகடுங்க) வெச்சு அளக்கலாம், ஆட்டோ பார்ட்ஸ் கடையில சல்லிசா கிடைக்கும். சிலிண்டரைப் பின்னாடி தள்ளிப் பிடிச்சு அளங்க, 0.004லேர்ந்து 0.008 இன்ச்சுக்குள்ள இருந்தா கவலையில்ல, 0.010ஐத் தாண்டினா விலையில பேசணும். முன்னாடி தள்ளியும் ஒரு தடவை அளங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எண்ட் ஷேக், அதிகம் சுட்ட துப்பாக்கியில அது கூடிக்கிட்டே போகும்.

மாடல் 19க்குன்னே ஒரு சோதனை இருக்கு, இதை விட்டுட்டா மத்த எல்லாம் பாத்தும் பிரயோஜனம் இல்ல. பேரலோட பின்வாய், ஃபோர்சிங் கோன்னு சொல்வாங்க, அதோட அடிப்பக்கம் யோக்குக்கு எடம் விடறதுக்காகத் தட்டையா சீவியிருக்கும், அதனால அந்த எடத்துல இரும்பு மெலிசு. 125 கிரெய்ன் எடை குண்டு போட்ட சூடான .357 தோட்டாவை நிறைய சுட்டா அங்கதான் வெடிப்பு விடும். இந்தத் தொந்தரவுதான் 1980ல இன்னும் கனமான 586, 686 மாடல்கள் வர்றதுக்கு ஒரு முக்கிய காரணம். சிலிண்டரைத் திறந்து, டார்ச் அடிச்சு, கடிகாரத்துல 6 மணி இருக்கற எடத்துல மயிரிழை மாதிரி கோடு இருக்கான்னு பாருங்க. கரி படிஞ்சிருந்தா துடைக்கச் சொல்லிப் பாருங்க. வெடிப்பு இருந்தா மாத்தறதுக்கு பேரல் கிடைக்கறது சுலபம் இல்ல, அப்படிப்பட்டதை அடிமாட்டு விலைக்குக் குடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

பைத்தான்ல கணக்கு கொஞ்சம் மாறும். பழைய கோல்ட்ல ட்ரிக்கரை இழுத்துப் பிடிச்சிருக்கும்போது சிலிண்டர் துளி கூட ஆடக் கூடாது, அந்த டிசைன் அப்படி. ஸ்மித்ல லேசா ஆடறது இயல்பு. ரெண்டையும் ஒரே அளவுகோல்ல அளந்து நல்ல ஸ்மித்தை வேண்டாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, டைமிங் (சிலிண்டர் சரியான நேரத்துல பேரலுக்கு நேரா வந்து பூட்டறது) போன கோல்ட்டை யானை விலை குதிரை விலை குடுத்து வாங்கறவங்களும் இருக்காங்க. பழைய பைத்தானைச் சரிபண்ணத் தெரிஞ்ச ஆளுங்க ரொம்பக் கம்மி, அந்தச் செலவையும் காத்திருக்கறதையும் விலையில சேத்துக்கோங்க. 1955ல 125 டாலருக்கு வந்த துப்பாக்கி, 2020ல கோல்ட் மறுபடி புதுசா செஞ்சப்ப லிஸ்ட் விலையே 1,499. புதுசும் பழசும் பேர்தான் ஒண்ணு, சந்தை தனித்தனி.

இப்பதான் விலை

கேக்கற விலை விலையே இல்ல. யார் வேணா என்ன வேணா எழுதி ஒட்டலாம், ஒரு வருஷமா விக்காம கிடக்கற துப்பாக்கியோட டேக்கைக் காட்டி "பாருங்க, அங்க 1,500"ன்னு சொல்றவரும் இருக்கார். ஏல சைட்ல முடிஞ்சு போன, நிஜமாவே ஏலம் விழுந்த விலையைத்தான் பாக்கணும். அச்சுல வர்ற விலைப் புத்தகம் ஒரு அடித்தளத்துக்கு உதவும், ஆனா சந்தை அதைவிட வேகமா ஓடும்.

கணக்கு எப்படிப் போடறதுன்னு காட்டறேன், இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், இன்னிக்கு நிலவரம்னு எடுத்துக்காதீங்க. 4 இன்ச் ப்ளூ 19-3, முடிஞ்ச ஏலம் ஏழு கிடைச்சுதுன்னு வைங்க: 560, 900, 950, 975, 1,000, 1,050, 1,450. ஒவ்வொண்ணோட படத்தையும் திறந்து பாருங்க. 560 மறுபடி ப்ளூயிங் பண்ணினது, 1,450 பெட்டி, டூல், பேப்பரோட சுடாத மாதிரி இருக்கறது. ரெண்டையும் ஒதுக்கிட்டா நடுவுல 975. உங்க கையில இருக்கறது ரப்பர் கிரிப், ஃபினிஷ் ஒரு படி கம்மின்னா 850 கிட்ட வரும்.

இதுல எல்லாரும் மறக்கற ஒண்ணு இருக்கு. ஆன்லைன்ல 850க்கு முடிஞ்சதுன்னா வாங்கினவர் கையைவிட்டுப் போனது 850 இல்ல. 8 சதவீதம் டாக்ஸ்னா 68, ஷிப்பிங் 50, டீலர் டிரான்ஸ்ஃபர் 40, ஆக 1,008. அதுவும் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பாக்காம. அதனால உள்ளூர்ல ஒருத்தர் அதே தரத்துல இருக்கறதை டேபிள்மேல வெச்சு 920 சொன்னா, ஏலத்துல 850தானேன்னு சண்டை போடறதுல நியாயம் இல்ல. பெரிய ஏல நிறுவனங்கள்ல வாங்கறவர் தலையில தனி பிரீமியம் உண்டு, 15 சதவீதத்துக்கு மேலயே போகும், அவங்க காட்டற விலை அதைச் சேத்ததா சேக்காததான்னு பாத்துட்டுத்தான் ஒப்பிடணும்.

அடுத்து கதைங்க. "தாத்தா ஷெரிஃபா இருந்தார், இது அவரோடது"ன்னு ஆரம்பிச்சு மணிக்கணக்கா கதை அளப்பாங்க. கேட்டுக்கோங்க, சுவாரஸ்யமாத்தான் இருக்கும், ஆனா காகிதம் இல்லாத கதைக்கு ஒரு டாலர் கூட கூடுதலா குடுக்காதீங்க. ஸ்மித் அண்ட் வெசன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷன்ல கட்டணம் கட்டினா அந்தச் சீரியல் எப்ப, எங்க அனுப்பப்பட்டது, எந்த பேரல், எந்த ஃபினிஷ்னு பழைய ரெக்கார்டைப் பாத்து லெட்டர் தருவாங்க. கோல்ட்லயும் இதே மாதிரி சேவை இருக்கு. 1935ல வந்த ரெஜிஸ்டர்ட் மேக்னம் மாதிரி, ஆர்டர் குடுத்தவரோட பேர்ல ஒவ்வொண்ணா செஞ்சு குடுத்த துப்பாக்கிக்கு (முதல் துப்பாக்கியை எஃப்பிஐ டைரக்டரா இருந்த எட்கர் ஹூவருக்குத்தான் குடுத்தாங்க) அந்தக் காகிதம்தான் பாதி விலை. சாதாரண 19-3க்கு லெட்டர் வாங்கினா உங்க ஆசைக்குத்தான், விலை ஏறாது.

பேரம்

குறையை வரிசையா அடுக்கி விக்கறவரை மட்டம் தட்டினா ஒண்ணும் நடக்காது, அவர் அந்த டேபிள்ல வருஷக்கணக்கா உக்காந்திருக்கற ஆளு. நீங்க பாத்ததுல முக்கியமானது ரெண்டை மட்டும் சொல்லுங்க, கிரிப் ஒரிஜினல் இல்ல, முனையில ப்ளூ போயிருக்கு, அப்படின்னு. அப்புறம் "கேஷ் குடுத்தா கடைசி விலை என்ன?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க. ஞாயித்துக்கிழமை மதியம், மூட்டை கட்டற நேரத்துல, சனிக்கிழமை காலையில வராத பதில் வரும். அதுக்குள்ள வேற யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா போகட்டும், மாடல் 19 அபூர்வப் பொருள் இல்ல, அடுத்த ஷோவுல இன்னொண்ணு நிக்கும். கடைக்காரர்கிட்ட திருப்பி விக்கணும்னா சந்தை விலையில பாதியோ மூணுல ரெண்டு பங்கோதான் கிடைக்கும், முதலீடுன்னு சொல்லி வீட்ல சமாளிக்க நெனைக்கறவங்க இதையும் சேத்துச் சொல்லிடுங்க.

ஆன்லைன்ல வாங்கினா விக்கறவர் பெரும்பாலும் மூணு நாள் பாத்துத் திருப்பற வசதி தருவார், ஆனா அதுலயும் கண்டிஷன் இருக்கும். உங்க பேருக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிட்டா திருப்பறது தலைவலி, சுட்டுட்டா சுத்தமா முடியாது. அதனால டீலர் கடையில பெட்டியைப் பிரிச்சதும் 4473ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே மேல சொன்ன சோதனை எல்லாத்தையும் கவுண்டர்லயே பண்ணிடுங்க, டார்ச்சும் ஃபீலர் கேஜும் பாக்கெட்ல இருக்கட்டும். ஏலப் படத்துல தெரியாத ஃபோர்சிங் கோன் அங்கதான் முதல் தடவையா உங்க கண்ணுல படும், பிடிக்கலன்னா கையெழுத்து போடாம அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லிடலாம்.